படத்தில் நிற்பவர் பெயர் என்ன? பள்ளிப் பத்திரிகைக்குப் படமும் செய்தியும் சேர்த்தபோது கற்றவை

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே கேமராவைத் தூக்கிக்கொண்டு பள்ளிப் பத்திரிகைக்குப் படமும் செய்தியும் கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அன்று சொல்லித்தர ஆள் இல்லை. தட்டுத்தடுமாறிக் கற்றதில் இரண்டு வருடம் போனது. லென்ஸுக்காகச் சேர்த்த பணம் வீணானது. ஒரு விளையாட்டு விழாவின் படங்களில் பாதி கைவிட்டுப் போயின. எல்லாவற்றையும்விட, ஒரு மாணவியின் பெயரை மாற்றிப் போட்டு அவளை வருத்தப்பட வைத்தேன். பணமும் நேரமும் போனது ஆறிவிட்டது, அது மட்டும் ஆறவில்லை. என் கதையை நீட்டப்போவதில்லை. எந்த இடத்தில் என்ன தவறும், ஏன் தவறும், முன்கூட்டியே என்ன செய்துவைக்க வேண்டும் என்பதை, தவறுகள் வந்து நிற்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் தவறு கேமரா வாங்கும்போதே நடந்துவிடும். மெகாபிக்சலைப் பார்த்து வாங்குவோம். அடுத்து, தூரத்தில் இருப்பது பக்கத்தில் தெரிய வேண்டும் என்று 70–300 மி.மீ. ஜூம் ஒன்றுக்குக் காசு சேர்ப்போம். நானும் அதைத்தான் செய்தேன். அந்த விலைமலிவான ஜூம்களில் ஒளி நுழையும் துளை முழு ஜூமில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதாக ஆக, துளை பெரிது). வெயிலில், மைதானத்தில், நன்றாகவே வேலை செய்யும். பள்ளிச் செய்திகளில் பாதிக்கு மேல் நடப்பது கூரைக்குக் கீழே, மங்கிய விளக்கில். அங்கே அது கிட்டத்தட்ட பயன்படாது. அதே பணத்தில், அல்லது அதைவிடக் குறைவாக, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று கிடைக்கும். அதில் ஜூம் கிடையாது, நாம்தான் நடந்து பக்கத்தில் போக வேண்டும். ஆனால் எஃப் 5.6-ஐவிடச் சுமார் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கேமரா உடல் பழையதாக இருந்தால் பரவாயில்லை. பழையது வாங்கும்போது நான்கு விஷயம் பாருங்கள். ஷட்டர் கவுன்ட், அதாவது இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை, எத்தனை என்று கேளுங்கள், தொடக்கநிலை கேமராக்களின் ஷட்டரை ஏறத்தாழ ஒரு லட்சம் சொடுக்கு தாங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள், சிலந்தி வலைபோல இழை தெரிந்தால் பூஞ்சை, வாங்க வேண்டாம். வெள்ளைச் சுவர் ஒன்றை எஃப் 16-ல், ஃபோகஸைக் கலைத்துவிட்டு எடுத்துப் பெரிதாக்குங்கள், படத்தைப் பதியும் சென்சாரில் ஒட்டிய தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். தூசியைச் சுத்தம் செய்துவிடலாம், கீறலைச் சரிசெய்ய முடியாது. கடைசியாக, மெமரி கார்டு நுழைக்கும் இடமும் பேட்டரி மூடியும் இறுக்கமாக நிற்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து உள்ளரங்கு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் மனம் உடைந்து கேமராவை உள்ளே வைத்துவிடுகிறார்கள். முந்நூறு படம் எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் முந்நூறும் கலங்கலாக இருக்கும். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே கூர்மையாகத்தான் தெரிந்திருக்கும். ஓடுகிறவரை, குதிக்கிறவரை உறையவைக்க ஷட்டர் வேகம் குறைந்தது 1/500 நொடி வேண்டும், கையும் பந்தும்கூடக் கூர்மையாக வர 1/1000. ஆட்டோவில் விட்டால், மங்கிய அரங்கில் கேமரா 1/60-க்கு இறங்கிவிடும், அதைத்தான் நீங்கள் கலங்கலாகப் பார்க்கிறீர்கள். கணக்கு எளிது. துளையின் எண்கள் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும். ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகும். ஷட்டரில் 1/250-இலிருந்து 1/500-க்குப் போனாலும் ஒளி பாதிதான். ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவில் 1600-இலிருந்து 3200-க்குப் போனால் படத்தின் வெளிச்சம் இரட்டிப்பு. ஓர் அரங்கில் எஃப் 2.8, 1/500, ஐஎஸ்ஓ 3200 சரியாக வருகிறது என்று வையுங்கள். கேமராவோடு சேர்ந்தே வரும் கிட் லென்ஸின் 55 மி.மீ. முனையில் எஃப் 5.6 தான், இரண்டு படி குறைவு, ஆகவே ஐஎஸ்ஓ 12800 வேண்டும், படம் முழுக்க மணல் தூவினதுபோல் ஆகும். எஃப் 1.8 லென்ஸில் அதே படத்துக்கு 1250 போதும். இந்தக் கணக்கு மனதில் ஓட ஆரம்பித்த நாளில்தான் எனக்குப் பயம் விட்டது. மேனுவலில் ஷட்டரையும் துளையையும் நிறுத்திவிட்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள், தொடக்கத்துக்கு அதுவே போதும். நிகழ்ச்சிக்கு அரைமணி நேரம் முன்னால் போய், விளக்கெல்லாம் எரியும்போது பத்துப் படம் எடுத்து, திரையில் கண்கள் வரை பெரிதாக்கிப் பாருங்கள். பெரிதாக்காமல் பார்த்த படம் பார்க்காத படம்.

எஃப் 1.8-க்கும் ஒரு விலை உண்டு. மூன்று மீட்டர் தூரத்தில் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 25 செ.மீ.தான். பரிசு வாங்கியவர்கள் இரண்டு வரிசையில் நிற்கும் படத்தை இதில் எடுத்தால் பின்வரிசை முழுவதும் மங்கிப்போகும். நின்றுகொண்டிருக்கும் குழுவுக்கு எஃப் 5.6-க்கு மூடி, ஷட்டரை 1/125-க்கு இறக்குங்கள், அசையாமல் நிற்கிறவர்களுக்கு அது போதும். ஒரு குழுவை எப்போதும் ஐந்து தடவையாவது எடுங்கள், யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார்.

உள்ளரங்கில் இன்னொன்று ஆளைக் குழப்பும். வேகமாக அடுத்தடுத்து எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது இருட்டாக, மூன்றாவது மஞ்சளாக வரும். கேமரா கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். அது விளக்கின் துடிப்பு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் பல குழல்விளக்குகளும் மலிவான எல்இடிகளும் நொடிக்கு 100 முறை மின்னி மங்கும், 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 120 முறை. நம் கண்ணுக்குத் தெரியாது, 1/500 ஷட்டருக்குத் தெரியும். கேமராவில் ஃபிளிக்கர் குறைக்கும் வசதி இருந்தால் போடுங்கள். இல்லையென்றால், 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் ஆள் அசையாத காட்சிகளுக்கு 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒரு முழுத் துடிப்பு உள்ளே வந்துவிடும், நிறம் மாறாது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை இந்த விளக்கில் போட்டால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். கேமராவோடு ஒட்டியிருக்கும் சின்ன ஃபிளாஷை நம்பாதீர்கள். அதன் பலம் பெரும்பாலும் 12 என்ற எண்ணில் இருக்கும். அந்த 12-ஐத் துளையின் எண்ணால் வகுத்தால், ஐஎஸ்ஓ 100-ல் எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். எஃப் 4-க்கு மூன்று மீட்டர், அவ்வளவுதான். போதாததற்கு ஷட்டரையும் 1/200-க்குப் பக்கத்தில் கட்டிப்போடும்.

மேடை இதற்கு நேர்மாறு. பின்னால் கறுப்புத் திரை, முகத்தில் பளிச்சென்று விளக்கு. கேமரா மொத்தக் காட்சியையும் சராசரி பார்த்து, "இருட்டாக இருக்கிறதே" என்று ஒளியைக் கூட்டும், முகம் வெள்ளைத் தாளாகிவிடும். கேமரா தேர்ந்த ஒளியைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈட்டை −1-இலிருந்து −2 வரை இறக்குங்கள். வெளுத்துப்போன முகத்தை எந்த மென்பொருளும் மீட்காது. கொஞ்சம் இருட்டாக வந்த முகத்தை, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் தூக்கிவிடலாம்.

விளையாட்டு விழாப் படங்கள் போனது கார்டால். கார்டு நிரம்பிவிட்டது என்று அவசரத்தில் "பழையவற்றை" அழித்ததில் அன்று காலை எடுத்தவை சேர்ந்து போயின. அழுகைதான் வந்தது. அதைவிடப் பெரிய தவறு அதற்கப்புறம் செய்தது, அதே கார்டில் தொடர்ந்து எடுத்தேன். படத்தை அழிக்கும்போது கார்டில் உள்ள தரவு உடனே போய்விடாது, இந்த இடம் காலி என்று மட்டும் குறிக்கப்படும். புதுப் படம் அதன்மேல் எழுதப்பட்ட பிறகுதான் உண்மையில் போகும். ஆகவே அழிந்தது தெரிந்த நொடியே கார்டை வெளியே எடுத்து, அதன் பக்கவாட்டில் உள்ள சின்னப் பூட்டைத் தள்ளிவிட்டு, வீட்டில் போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் மீட்டெடுங்கள். மீட்டதை அந்தக் கார்டிலேயே சேமிக்காமல் கணினியில் சேமியுங்கள். வராமல் தடுக்க வழி, ஒரு பெரிய கார்டுக்குப் பதில் இரண்டு 32 ஜிபி கார்டுகள். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒன்று சுமார் 25 எம்பி, ஆகவே ஒரு கார்டில் ஆயிரத்துக்கு மேல் பிடிக்கும். நிரம்பிய கார்டைத் தலைகீழாகத் திருப்பி உறையில் வையுங்கள், இது எடுத்தாயிற்று என்பதற்கு அடையாளம். படங்கள் இரண்டு இடத்தில் நகலாகும்வரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். அந்த இரண்டில் ஒன்று வீட்டுக்கு வெளியேயோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும்.

இப்போது பெயர். கேமராவைப் பற்றி இவ்வளவு சொன்னேன், ஆனால் இது தெரியாமல் போனால் மேலே சொன்ன எதற்கும் மதிப்பில்லை. பெயர் தெரியாத முகம் அழகான படமாக இருக்கலாம், செய்தியாகாது. எடுத்த படத்தில் இருப்பவர் யார் என்று மறுநாள் நினைவிலிருந்து எழுதலாம் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. நான் இரண்டு மாணவிகளின் பெயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டேன். ஜெயித்தவள் தோற்றவளானாள். அச்சான பிரதியை வீட்டில் காட்ட முடியவில்லை என்று அவள் சொன்னபோது என்னால் பதில் பேச முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் விடாமல் செய்வது இது. படம் எடுத்து முடித்ததும் பக்கத்தில் போய், கேமராத் திரையில் அந்தப் படத்தைக் காட்டி, இடமிருந்து வலமாக ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டு, குறிப்பேட்டை அவர்கள் கையில் கொடுத்தே எழுதச் சொல்லுங்கள். முதலெழுத்து, வகுப்பு, பிரிவு எல்லாம் வேண்டும். ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். எழுதிய பக்கத்தையும் உடனே ஒரு படம் எடுத்துவிடுங்கள், அந்தப் படம் அந்த வரிசையிலேயே கார்டில் உட்கார்ந்துகொள்ளும், எந்தப் படத்துக்கு எந்தப் பெயர் என்று பிறகு தேட வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டில் நிறுத்திக் கேட்க முடியாது. அங்கே சட்டை எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து, ஆட்டம் தொடங்கும் முன்பே இரு அணிகளின் பெயர்ப்பட்டியலையும் பயிற்சியாளரிடம் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கேமராவின் கடிகாரத்தை அன்று காலை ஃபோனோடு ஒத்துவையுங்கள், குறிப்பேட்டில் எழுதிய நேரமும் படத்துக்குள் பதிந்த நேரமும் பொருந்தினால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. படக்குறிப்பில் முதல் வாக்கியம் யார், என்ன செய்கிறார், எங்கே, எப்போது என்று சொல்ல வேண்டும். இரண்டாவது வாக்கியம் படத்தில் தெரியாததைச் சொல்ல வேண்டும், ஏன் அது நடந்தது, முடிவு என்ன. "மகிழ்ச்சியில் திளைக்கும் மாணவர்கள்" என்று எழுதாதீர்கள். சிரிப்பது படத்திலேயே தெரிகிறது, திளைக்கிறார்களா என்பது உங்களுக்குத் தெரியாது. தப்பு அச்சாகிவிட்டால், அடுத்த இதழிலேயே சரியான பெயரோடு திருத்தம் போடுங்கள், அவரை நேரில் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.

செய்தி எழுதுவதற்கு வருவோம். பள்ளிச் செய்திகள் பெரும்பாலும் "விழா இனிதே தொடங்கியது" என்று ஆரம்பித்து, யார் வரவேற்றார், யார் நன்றி சொன்னார் என்று முடியும். படிக்கிறவருக்கு வேண்டியது நடுவில் எங்கோ புதைந்திருக்கும். முடிவை முதல் வாக்கியத்தில் வையுங்கள், அடுத்து முக்கியமானது, அதற்கடுத்து அதைவிடக் குறைந்தது. இடம் போதாமல் ஆசிரியர் அடியிலிருந்து வெட்டினாலும் செய்தி உயிரோடிருக்கும். பேட்டிக்குப் போகும்போது ஃபோனில் பதிவு செய்யலாமா என்று முதலில் கேளுங்கள். ஃபோனை விமானப் பயன்முறையில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பல ஃபோன்களில் பதிவு நின்றுவிடும். பத்து நொடி பதிந்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கையாலும் குறிப்பெடுங்கள், முக்கியமான சொல் வரும்போது ஓரத்தில் நேரத்தைப் போட்டுவைத்தால் பிறகு ஒரு மணிநேரப் பதிவை முழுக்கக் கேட்க வேண்டாம். "எப்படி உணர்ந்தீர்கள்?" என்று கேட்டால் "மகிழ்ச்சி" என்ற ஒரே சொல்தான் வரும். "கடைசிச் சுற்று தொடங்கும்போது யாரைப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள், ஒரு காட்சி வரும். பதில் முடிந்ததும் மூன்று நொடி சும்மா இருங்கள். கூச்சமாக இருக்கும், ஆனால் நல்ல பதில்கள் பல அந்த மௌனத்தில்தான் வரும். கடைசியில், "இதைப் பற்றி வேறு யாரிடம் கேட்கலாம்?" என்பதை விட்டுவிடாதீர்கள். பெயருக்கும் எண்ணுக்கும் ஒருவர் சொன்னது போதாது, இன்னொருவரிடமோ பதிவேட்டிலோ சரிபாருங்கள். "இதை எழுதாதே" என்று கேட்க விரும்புகிறவர், விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே அதைக் கேட்டுவிட வேண்டும், நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே தொழிலின் பொது வழக்கம். ஆனால் எதிரே இருப்பவர் பேட்டி கொடுத்துப் பழகாத மாணவர் என்றால், அந்த வழக்கத்தைத் தொடக்கத்திலேயே விளக்கிவிடுங்கள். அதைச் சொல்லாமல் ஒரு பையன் வாய்தவறிச் சொன்னதை அச்சில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு நிகழ்ச்சியில் எதை எடுப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் எடுத்துவைப்பது நேரத்தைத் தின்னும். எண்ணூறு படத்திலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு ராத்திரி போகும், மறுநாள் தேர்வு இருக்கும். ஐந்து வகையை மனதில் வையுங்கள்: இடம் முழுதும் தெரியும் அகலப் படம், செயலில் இருக்கும் ஆள், முகம், கை அல்லது கருவியின் நெருக்கமான படம், பார்க்கிறவர்களின் முகம். கடைசியானதை யாரும் எடுப்பதில்லை. கோல் விழும்போது எல்லாக் கேமராவும் பந்தை நோக்கியிருக்கும், மாற்று வீரர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைத் திரும்பிப் பாருங்கள். தேர்வு செய்யும்போது முதல் சுற்றில் கலங்கியதைத் தள்ளுங்கள், இரண்டாவதில் ஒரே காட்சியின் பல படங்களில் ஒன்றை மட்டும் வையுங்கள், பிறகு ஒரு மணிநேரம் விட்டுவிட்டு வந்து பாருங்கள்.

படத்தைத் திருத்துவதில் ஒரு கோடு உண்டு. ஓரம் வெட்டுவது, ஒளி கூட்டிக் குறைப்பது, நிறத்தைச் சரிசெய்வது, சென்சார் தூசியை எடுப்பது இவை சரி. இல்லாததைச் சேர்ப்பதும் இருந்ததை அழிப்பதும் கூடாது, அது பின்னணியில் இருக்கும் குப்பைத்தொட்டியானாலும் சரி. 2003-ல் ஈராக் போரில் பிரையன் வால்ஸ்கி என்ற பத்திரிகைப் படக்கலைஞர் இரண்டு படங்களை ஒன்றாக ஒட்டி அனுப்பினார். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அதை முதல் பக்கத்தில் போட்டது. கூட்டத்தில் சிலர் இரண்டு இடத்தில் தெரிவதைக் கண்டுபிடித்ததும் அவர் வேலை போனது. 1982 பிப்ரவரி நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் செங்குத்துப் பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று இரண்டு பிரமிடுகளை நெருக்கி நகர்த்தியது பற்றி இன்றும் பேசுகிறார்கள். இன்று ஒரு விரல் தட்டில் ஃபோனே ஆளை அழித்துவிடுகிறது, ஆகவே பள்ளியிலேயே இந்தக் கையைக் கட்டப் பழக வேண்டும். காட்சியை ஏற்பாடு செய்வதும் இதே வகைதான். "இன்னொரு முறை கோப்பையைத் தூக்குங்கள்" என்று கேட்டு எடுத்ததைத் தற்செயலாக நடந்ததுபோல் போடக் கூடாது. நிற்கவைத்து எடுத்த படம் என்றால் அது அப்படித் தெரியட்டும்.

அனுமதியை நிகழ்ச்சிக்கு முன்பே வாங்குங்கள். நீங்கள் படமெடுப்பவர்கள் பெரும்பாலும் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள். பத்திரிகையில் வருவதற்கும் இணையத்தில் வருவதற்கும் வேறுவேறாகப் பெற்றோர் கையெழுத்து வாங்கிவைப்பது நல்லது, பலர் முதலாவதற்குச் சரி என்பார்கள், இரண்டாவதற்கு வேண்டாம் என்பார்கள். யாராவது அடிபட்டு விழுந்தால் முதலில் உதவி கிடைக்கிறதா என்று பாருங்கள். எடுத்திருந்தாலும், அவர் நிதானமான பிறகு அவரையும் வீட்டாரையும் கேட்காமல் வெளியிடாதீர்கள். ஃபோனில் எடுத்த படத்துக்குள் இடத்தின் ஜிபிஎஸ் குறியீடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், இணையத்தில் போடுமுன் அதை நீக்கிவிடுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் இடத்திலும் உழைப்பு வீணாகும். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான கணக்கு, பத்து அங்குல அகலப் படத்துக்கு 3000 பிக்சல். அரட்டைச் செயலியில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். 1600 பிக்சலாகச் சுருங்கிய படம் ஐந்து அங்குலத்துக்கு மேல் தாங்காது. ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். செய்தித்தாள் போன்ற உறிஞ்சும் தாளில் மை பரவுவதால் படம் திரையில் பார்த்ததைவிட இருட்டாக வரும், நடுநிழல்களை, அதாவது மிக வெளிச்சமும் மிக இருட்டும் இல்லாத பகுதிகளை, கொஞ்சம் தூக்கி அனுப்புங்கள்.

கடைசி வேலை, எல்லோரும் தள்ளிப்போடுவது. கோப்புப் பெயரை வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்குங்கள், எந்தக் கணினியிலும் தானாகவே வரிசையாக நிற்கும். படக்குறிப்பைத் தனி ஃபைலில் வைக்காமல், படத்துக்குள்ளேயே எழுதிவைக்கும் ஐபிடிசி கட்டத்தில் போடுங்கள். பெரும்பாலான படத்திருத்த மென்பொருள்களில் அது உண்டு. படம் எங்கே போனாலும் பெயர் கூடவே போகும். ஐந்து வருடம் கழித்து, "அந்த அணியின் படம் இருக்கிறதா?" என்று யாராவது கேட்டு வரும்போது, தேடல் பெட்டியில் அவர் பெயரைத் தட்டினால் படம் வந்து நிற்கும்.